ஓர் ஆணி பருமன் இடம்

டொம். டொம். டக்.

நேற்று முசஃபா பட்டறைத் தெருவில் வண்டியை சர்வீசுக்கு விட்டுவிட்டு, பட்டறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சாயா குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறைக்குள் யாரோ ஒரு பிளைவுட் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பின்னால் கட்டை இல்லாத இடத்தில் டொம். கட்டை இருக்கிற இடத்தில் டக். அந்த 'டக்' காதில் விழுந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அறுத்த பலகையின் வாசனை வந்தது. பாதி கருப்பட்டி, பாதி பசை, அடியில் கொஞ்சம் மழை. முசஃபாவின் வெயில் தகரக் கூரைகளின் மேல் அப்படியே கிடக்க, எனக்கு மட்டும் முகத்தில் சாரல் அடித்தது.

உங்களுக்குச் சொன்னால் புரியும். நீங்களும் என்னைப்போல வளைகுடாவில் வளர்ந்து, பள்ளி வேனில் மூன்று மொழியில் சண்டை போட்டு, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் ஒரு நொடி யோசிக்கிறவர்கள். இப்போது நமக்கெல்லாம் முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறோம். எவ்வளவோ பேசியிருக்கிறோம், ஆனால் ஒரு கேள்வியை மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. உங்கள் அப்பா எந்த விசாவில் இருந்தார்?

என் அப்பா அம்மாவின் விசாவில் இருந்தார்.

அம்மா ஓமானின் சலாலாவில் அரசு மருத்துவமனையில் நர்ஸ். கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்தவள். எலும்பு முறிவு வார்டில் டியூட்டி. அவள் கைவிரல் இடுக்குகளில் எந்நேரமும் மாவுக்கட்டின் வெள்ளைத் தூள் இருக்கும். அப்பா பதினெட்டு வருடம் மஸ்கட் பக்கம் ஷட்டரிங் கார்பெண்டராக இருந்தார். கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையால் அச்சு கட்டுகிற வேலை. கம்பெனி மூடியபோது அவருக்கு வேறு விசா கிடைக்கவில்லை. அம்மா தன் பெயரில் குடும்ப விசா எடுத்து அவரைச் சலாலாவுக்குக் கூட்டி வந்தாள். பாஸ்போர்ட்டில் அந்த முத்திரைக்குக் கீழே ஒரு வரி இருந்தது: வேலை செய்ய அனுமதி இல்லை. அப்பா அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கட்டைவிரல் சரியாக அந்த வரியின் மேல் உட்காரும்.

அப்பா சமைத்தார். துணி காயப் போட்டார். எனக்குத் தலை பின்னிவிட்டார். அது தச்சனின் பின்னல். இரண்டு சடையும் ஒரே மட்டத்தில் முடிய வேண்டும். ஒரு விரற்கடை ஏறி இறங்கினாலும் அவிழ்த்துவிடுவார். பள்ளி வேன் வெளியே ஹாரன் அடிக்கும், அவர் ஒரு கண்ணை மூடி என் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பத்து வயதான ஆண்டு, ஈஸ்டர் மத்தியானம் மீன்குழம்புச் சோற்றுக்கு நடுவில் அப்பா சொன்னார்:

“கரீஃப் முடியதுக்குள்ள எனக்குன்னு ஒரு விசா அமையலேன்னா, நான் ஊருக்குப் போயிருவேன், கேட்டியா.”

அம்மா முள் எடுப்பதை நிறுத்தவில்லை. “நல்லாருக்கு. அப்பம் இவளுக்கு யாரு தலை பின்னுவா?”

அப்பா சிரித்தார். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. நான் இரண்டு சடையையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், யாரோ வந்து அவிழ்க்கப்போகிறார்கள் என்பதுபோல.

கரீஃப் என்றால் சலாலாவின் சாரல் காலம். வளைகுடா முழுக்க அடுப்பில் வைத்த சட்டிபோல் கொதிக்கிற மாதங்களில், எங்கள் ஊருக்கு மட்டும் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும். மாவு சலித்ததுபோல் மழை. காய்ந்த மண்மலை பத்தே நாளில் பச்சையாகும். அதைப் பார்ப்பதற்காக வளைகுடா முழுவதிலுமிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஓர் ஓமானி. முதலாளி என்ற அர்த்தத்தில் அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அவருடைய தென்னந்தோப்பு, தோப்புக்கு நடுவில் அவருடைய வீடு. அண்ணனோடு சேர்ந்து ஒரு சின்னக் கட்டடக் கம்பெனி வைத்திருந்தார். இறந்துபோன தன் தகப்பனாரின் பழைய காரை அவர் விற்கவில்லை. ஒவ்வொரு கரீஃபிலும் அது இன்னும் கொஞ்சம் துருப்பிடிக்கும். அந்த வருடம் அதற்கு ஒரு காராஜ் கட்ட நினைத்தார், அதுவும் மரத்தில். எங்கேயோ ஒரு படத்தில் பார்த்திருக்கிறார். மூடிய சைட் ஒன்றிலிருந்து கட்டையும் பிளைவுட்டும் மிச்சம் இருந்தது. தரைக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று.

அப்பாவைக் கூப்பிட்டு, கார் இருந்த திசையைக் காட்டி, பிறகு வானத்தைக் காட்டி, இந்தியும் அரபியும் இங்கிலீஷுமாகச் சொன்னார். “மழைக்கு முன்னாடி. காராஜ் குட், விசா குட். கல்லாஸ்.”

அப்பா அன்று மாலை டிரங்குப் பெட்டியைத் திறந்து சுத்தியலை எடுத்தார். ஒரு பக்கம் ஆணி பிடுங்கும் கொம்பு வைத்த சுத்தியல். கைப்பிடியில் அவருடைய உள்ளங்கையின் பள்ளம் அப்படியே இருந்தது. கூடவே தட்டையான சிவப்புப் பென்சில் ஒன்று. இரண்டையும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினார்.

*

கட்டை கொண்டுவந்தவர் அர்பாபின் பிக்கப் ஓட்டுகிற பட்டான். எங்கள் வாசல் நிலை அளவுக்கு உயரம். மருதாணி வைத்த தாடி. அவருக்கு அப்பா 'கார்பெண்டர் பாய்', அம்மா 'டாக்டர் சாப்'. நர்ஸ் என்று எத்தனை முறை திருத்தினாலும் கேட்கமாட்டார். “என் முதுகுவலியைச் சரி பண்ணினது நீங்கதானே? அப்போ நீங்கதான் டாக்டர்” என்பார்.

முதல் சுவரின் சட்டத்தை அப்பா தரையில் படுக்க வைத்தே செய்தார். நாலு இஞ்சுக்கு ரெண்டு இஞ்ச் கட்டைகள், இரண்டடிக்கு ஒன்று நிற்க, மேலே ஒன்று கீழே ஒன்று. தரையில் கிடந்தபோது பெரிய ஏணி மாதிரி இருந்தது. அதைத் தூக்கி நிறுத்த நாலு பேர் வேண்டும். அம்மா டியூட்டி முடிந்து வெள்ளை யூனிஃபார்மோடு வந்தவள் அப்படியே ஒரு முனையைப் பிடித்தாள். அர்பாப் தன் வெள்ளை அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

“யல்லா! ஏக், தோ...” என்றார் பட்டான்.

படுத்திருந்தது எழுந்தது. அதை எப்படிச் சொல்வேன்? ஒரு நிமிடம் முன்பு அங்கே வெறும் காற்று. இப்போது உள்ளே என்றும் வெளியே என்றும் இரண்டு இடங்கள். கட்டைகளுக்கு நடுவே தென்னை மரங்கள் வரிசையாகப் பிரிந்து நின்றன. நாலு சட்டமும் எழுந்து, மூலைகளில் ஆணி வாங்கி, கூரைக்கட்டை ஏறுவதற்கு மூன்று நாள் ஆயிற்று. நான் பள்ளிவிட்டதும் பையை எறிந்துவிட்டு அங்கேதான் ஓடுவேன்.

மூன்றாம் நாள் மூலைக்கட்டையில் சாய்ந்தேன். மொத்தமும் ஆடியது.

சின்ன ஆட்டம் இல்லை. காலியான தீப்பெட்டியின் கூட்டை விரலால் அழுத்தினால் சாயுமே, அப்படி. அர்பாப் ஓடி வந்து கையை வைத்து ஆட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “மாஃபி ஸ்ட்ராங்! பலமே இல்ல!”

அப்பா வாயில் ஆணியைக் கடித்தபடி இந்தியில் சொன்னார்: “இது எலும்பு மட்டும்தான் அர்பாப். தோல் போர்த்தினதும் பாருங்க.”

“அரை இஞ்ச் தோலா இந்த எலும்பை நிறுத்தும்?” என்றார் பட்டான்.

அப்பா முதல் பலகையைத் தூக்கினார். நாலடி அகலம், எட்டடி உயரம். அதன் இரண்டு ஓரமும் கட்டைகளின் சரிபாதியில் வந்து உட்கார்ந்தன. நடுக்கட்டை கண்ணுக்குத் தெரியாது. அப்பா பலகையில் காதைச் சாய்த்து விரல் முட்டியால் தட்டினார். டொம். டொம். டக். தட்டின இடத்தில் ஆணி. ஓரங்களில் அரை அடிக்கு ஒன்று, நடுவில் ஒரு அடிக்கு ஒன்று. ஒரு ஆணிக்குச் சுத்தியலால் மூன்று அடி, நாலாவது கிடையாது.

பலகை முழுக்க அடித்து முடித்தபிறகு பட்டான் பக்கத்தில் வந்து பார்த்தார். “கார்பெண்டர் பாய், ஆணித் தலையெல்லாம் வெளியே நிக்குதே. சட்டை மாட்டவா?”

அப்பா பார்த்தார். ஒவ்வோர் ஆணியும் ஒரு நகத்தளவு வெளியே நின்றது. ஒன்றுகூடத் தவறாமல், எல்லாம் அதே அளவு. அவருடைய கை தானாகவே செய்திருக்கிறது. ஷட்டரிங்கில் ஆணியை முழுக்க இறக்கக் கூடாது. கான்கிரீட் இறுகினதும் பலகையைப் பிரிக்க வேண்டும். கொம்பு மாட்டிப் பிடுங்கத் தலை வெளியே நிற்க வேண்டும். அப்பா கட்டிய சுவர்கள் எல்லாமே பிரிப்பதற்காகக் கட்டியவை. அந்த அச்சுக்குள்ளே வேறொரு சுவர் இறுகி நிற்கும், இவருடையதைக் கழற்றி லாரியில் ஏற்றுவார்கள்.

“பதினெட்டு வருஷம்,” என்றார் அப்பா மெதுவாக, எங்கள் பேச்சில், என் பக்கம் திரும்பாமல். “நான் கட்டினதுல ஒண்ணும் பத்து நாளைக்கு மேல நின்னதில்ல மக்ளே.”

பிறகு சுத்தியலை மறுபடி ஓங்கினார். முதல் ஆணிக்குப் போய், நாலாவது அடியை அடித்தார்.

தலை பலகைக்குள் பதிந்தது. அந்தச் சத்தம் வேறு. மற்ற மூன்றும் கேள்வி மாதிரி இருக்கும், இது பதில் மாதிரி இருந்தது. அடுத்தது. அடுத்தது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த அர்பாப் எண்ணெய்க் கைத்துணியோடு நின்றுவிட்டார். பட்டான் கிண்டலை மறந்தார். தோப்பில் காகம்கூட இல்லை. ஒரு மனிதர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆணியை முழுக்க அடிக்கிறார் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. ஆனால் ஏதோ கோவிலில் நிற்பதுபோல் நான் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன். அது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

இரண்டாவது பலகை வைக்கிற நேரம் அம்மா ஃபிளாஸ்க்கில் சாயா கொண்டுவந்தாள். அப்பா முதல் பலகையோடு அதை ஒட்டி, சுத்தியல் பிடியால் தட்டித் தட்டி நெருக்கினார். இடுக்கில் பென்சில் கோடுகூட நுழையாது. ஷட்டரிங்காரனின் பெருமை அதுதான். இணைப்பில் சிமெண்ட்டுப் பால் ஒரு சொட்டு ஒழுகினாலும் அவன் வேலைக்காரன் இல்லை.

அம்மா அந்த இணைப்பில் விரலை ஓட்டினாள்.

“இஞ்ச பாருங்க. இப்படி இறுக்கியா வைக்கிய? சாரல் வரும்போ இது வீங்காதா?”

“வீங்கதுக்கு இது என்ன உன் பேஷண்டோட காலா?”

“காலுக்கும் இப்படித்தான் சொல்லுவாவ. புதுசா உடைஞ்ச கையில கட்டு இறுக்கிப் போட்டா, வீக்கம் வரும்போ ரத்தம் ஓடாது. கொஞ்சம் இடம் விடணும்.”

அப்பா இதை இந்தியில் மற்ற இருவருக்கும் சொல்லிச் சிரித்தார். பட்டான், “டாக்டர் சாப், மரத்துக்கும் மாத்திரை எழுதிக் குடுங்க” என்றார். அர்பாபும் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். கப்புகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது இணைப்பை இன்னொரு தடவை தொட்டாள். அதை நான் பார்த்தேன். கட்டுப்போட்ட பேஷண்டின் நகத்தை அழுத்தி, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பதுபோல் தொட்டாள்.

நாலு சுவரும் மூடிய அன்று அர்பாப் தூர நின்று ஓடிவந்து தோளால் ஒரு மூலையை இடித்தார். சுவர் அவரைத் திருப்பி அனுப்பியது. திரும்பவும் இடித்தார். பட்டான் இடித்தார். நானும் முதுகை வைத்துக் கால் உதைத்துத் தள்ளினேன். மூன்று நாளுக்கு முன் என் சாய்வுக்கே ஆடிய அதே கட்டைகள்! காய்ந்த ரொட்டிக் கனத்தில் ஒரு பலகை, அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்ன ஆணி. அவ்வளவுதான் சேர்ந்தது. அதற்குள் அத்தனை ஆட்டமும் எங்கே போயிற்று? இன்றைக்கும் எனக்கு விளங்காது. எந்தக் கணக்கு சொன்னாலும் விளங்காது. விளங்கவும் வேண்டாம்.

அர்பாப் மண்கரண்டியில் தணல் போட்டு, சாம்பிராணிப் பால் கட்டிகளைத் தூவி, காலியான காராஜுக்குள் நாலு மூலையும் புகை காட்டினார். அம்மா, “நம்ம பள்ளிக்கோயில் மாதிரி மணக்கு” என்று சிலுவை போட்டுக்கொண்டாள். தகப்பனாரின் கார் உள்ளே போனது. அர்பாப் அப்பாவின் தோளில் கை வைத்து, “அண்ணன் மஸ்கட்டிலிருந்து வர்றார். பேப்பர் எல்லாம் அவர்கிட்ட. அவர் வந்ததும் உன் விசா” என்றார்.

அன்று சாயங்காலம் நான் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போனேன். உட்புறம் பலகை மூடவில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே, என் நெஞ்சு உயரத்தில், பெரிய எழுத்தில் எழுதினேன்: அப்பா போகக்கூடாது. ஆடாத சுவரில் எழுதினால் அது நிற்கும் என்று நம்பினேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தோப்பில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை.

*

சாரல் வந்தது. ஒரு காலையில் எழுந்தபோது தென்னைகளுக்குத் தலை இல்லை. பனிமூட்டம் கழுத்தளவு இறங்கியிருந்தது. தலையில்லாத மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மலை பச்சை பூசிக்கொண்டது. ஒட்டகங்கள் ரோட்டில் மேகத்துக்குள்ளிருந்து கால் மட்டும் முதலில் வர நடந்துவந்தன. துணி காயவில்லை, உப்பு கட்டியானது, தீக்குச்சி பற்றவில்லை. எல்லாமே குடித்துக்கொண்டிருந்தன.

சுவரும் குடித்தது.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, பள்ளிவிட்டு வந்தவள் சுவரில் உள்ளங்கை வைத்து நடந்தேன். கை ஏறி இறங்கியது. கடல் அலைமேல் தடவுவதுபோல் இருந்தது. இரண்டு பலகைகள் சந்திக்கிற இடத்தில் விளிம்புகள் ஒன்றையொன்று முட்டி எழும்பியிருந்தன. பலகைகளின் நடு, கர்ப்பிணி வயிறுபோல் தள்ளியிருந்தது. ஓர் இடத்தில் ஆணித் தலை பலகையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. நான் அப்பாவைக் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தேன், அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. சட்டையெல்லாம் சாரல்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். அர்பாபைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கையில் பிரம்பு. சுவரைச் சுற்றி வந்து, தள்ளிய இடத்தைப் பிரம்பால் தொட்டார். “இதுக்கா விசா?”

அர்பாப் அவசரமாக அரபியில் என்னவோ சொன்னார். கையை பிக்கப் பக்கம் நீட்டினார். பட்டானின் முகம் இறுகியதிலிருந்துதான் எங்களுக்குப் புரிந்தது: ஈரப் பலகையைக் கொண்டுவந்துவிட்டான், டிரைவர் தப்பு. அர்பாப் அப்பாவைக் காப்பாற்றப் பார்த்தார். அதற்குக் கையில் அகப்பட்டது டிரைவர்.

அண்ணன் இந்திக்கு மாறினார். “அப்போ இவன் விசாவை கான்சல் பண்ணு. இந்த வாரமே ஊருக்கு அனுப்பு.”

வாசல் உயர மனிதர், தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நான் அப்போது மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்: பேசாதீங்க அப்பா, பேசாதீங்க. பத்து வயதுப் பிள்ளை அவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டது. பட்டான் போனால் அப்பா இருப்பார். இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உங்களிடம்தான்.

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். “பலகை நல்ல பலகை, அர்பாப். தப்பு என்னோடது. இடம் விடாம இறுக்கி வெச்சுட்டேன். ஷட்டரிங் பழக்கம்.”

“தன் தப்பைத் தானே காட்டுற கார்பெண்டரை நான் பார்த்ததில்ல,” என்றார் அண்ணன். சிரித்தாரா, திட்டினாரா, தெரியவில்லை. “எனக்கு மரம் தெரிஞ்ச ஆள் வேணும். நீ ஷட்டரிங்காரன்.” தம்பியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பிரம்போடு போய்விட்டார். முடிந்தது என்கிற அந்த 'கல்லாஸ்' மட்டும் எனக்குப் புரிந்தது.

*

அம்மாவுக்கு அன்று ஆஃப். அம்மா தட்டில் ஆப்பத்தை வைத்தாள். “சொன்னேன்ல” என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்பாவும் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“கட்டு இறுகிப்போச்சுன்னா நாங்க அதத் தூக்கி எறிய மாட்டோம்,” என்றாள் அம்மா. “மேலேருந்து கீழ வர ஒரே கோடா வெட்டிப் பிளந்து விடுவோம். எலும்பு அப்படியே இருக்கும். சதை மூச்சு விடும்.”

அப்பா ஆப்பத்தைப் பிய்த்தவர் அப்படியே வைத்திருந்தார்.

“ரம்பம் உண்டுல்லா?” என்றாள் அம்மா.

கரண்டில் ஓடுகிற வட்ட ரம்பத்தை அர்பாபே கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பா அதன் பல்லைப் பலகையின் கனத்துக்கு மட்டும் இறக்கி வைத்தார். கட்டையில் கீறல் விழலாம், அதற்குமேல் போகக் கூடாது. அம்மா சுவரின் தள்ளிய வயிற்றில் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டாள். அப்பா ஏணியில் ஏறி, இணைப்பின் உச்சியில் ரம்பத்தை வைத்தார்.

தூள் ஈரமாகப் பறந்தது. ரம்பம் பாதி வந்திருக்கும். சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். யாரோ நெடுநேரம் அடக்கியதை விட்டதுபோல. அம்மா கையை எடுக்கவில்லை. அவள் கைகள் கண்ணுக்குத் தெரிய உள்ளே போயின. பலகை தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

“யா அல்லாஹ்,” என்றார் பட்டான், “சுவர் மூச்சு விடுது.”

அம்மா அழுதாள். அப்பா ஏணிமேல் நின்றபடி அவளைப் பார்த்தார். அந்த மாதிரிப் பார்வை எங்கள் வீட்டில் அதுவரை நான் கண்டதில்லை. பிறகு அவர் ஒரு ஆணியை எடுத்து, வெட்டிய இடுக்கில் நுழைத்து, மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். தடங்கலில்லாமல் ஓடியது. ஓர் ஆணி பருமன் இடம். அவ்வளவுதான் கேட்டிருந்தது அந்தச் சுவர்.

இரண்டு நாளில் எல்லா இணைப்பையும் திறந்தார்கள். பிய்ந்த ஆணிகளுக்குப் பக்கத்தில் புது ஆணி அடித்தார்கள். இடுக்குகளின் மேல் மெல்லிய பட்டிகளை, ஒரு பக்கம் மட்டும் ஆணி வைத்து மூடினார்கள், மழை இறங்காமல், பலகை அசையத் தோதாக. சுவர் மறுபடி சமமாயிற்று. அர்பாப் உள்ளே வந்து கையை வைத்துத் தடவிக்கொண்டே போனவர், காருக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

“ஹாதா? இது என்ன எழுத்து?”

அப்பா குனிந்து பார்த்தார். நான் வாசலுக்கு வெளியே போய்விட முடியாத இடத்தில் நின்றிருந்தேன். அப்பா வாசித்தார். இரண்டே வார்த்தை. அவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது.

“அளவு, அர்பாப்,” என்றார் இந்தியில். “மரத்தோட அளவு.”

என் பக்கம் திரும்பவில்லை. அந்த எழுத்தை அழிக்கவும் இல்லை.

*

அர்பாப் கெட்டவர் என்று வெகுகாலம் நம்பினேன். அண்ணனுக்கு முன்னால் வாய் திறக்க முடியாத தம்பி என்று பிறகு புரிந்தது. நம் வீடுகளிலும் அப்படித் தம்பிகள் உண்டே. “அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்” என்று அவர் சொன்னது பொய்யும் இல்லை. சுவர் வீங்கியதால்தான் அப்பா போனார் என்றும் நம்பினேன். இப்போது, அவருடைய வயதையும் தாண்டிவிட்டபிறகு, அந்தக் கட்டைவிரல் மூடிய வரி ஞாபகம் வருகிறது. முழுக்க ஆணி இறக்கிய ஒரு சுவரைக் கட்டியபிறகு, மறுபடி துணி காயப் போட்டுக்கொண்டு இருக்க அவரால் முடிந்திருக்காது. ஊரில் படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். லீவுக்கு லீவு பார்த்துக்கொண்டோம். சுத்தியல் எங்கே போனது என்று தெரியவில்லை. பென்சில் என்னிடம் ரொம்ப நாள் இருந்து, ஒரு ரூம் மாற்றத்தில் தொலைந்தது. காராஜ் நின்ற இடத்தில் இப்போது ரோடு போகிறது.

அவர் போன நாள், சாரல் முடியவில்லை. பட்டான்தான் பிக்கப்பில் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுவிட்டார். முன்சீட்டில் நாலு பேர், நான் அப்பா மடியில். பட்டான் வழியெல்லாம் ஏதேதோ ஜோக் சொன்னார். இறங்கும்போது அப்பாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். “கார்பெண்டர் பாய், உன் பெட்டி என் கையில் இருக்கவேண்டிய பெட்டி” என்றார். அதற்குமேல் அவரால் ஜோக் சொல்ல முடியவில்லை.

மூட்டத்தில் விமானம் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் கேட்டது. அன்று காலை அப்பா பின்னிய சடைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் என் தோளில் கிடந்தன. அம்மா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. திரும்பவும் சரிசெய்தாள். அப்பா முழங்காலிட்டு என் உயரத்துக்கு வந்தார். எழுதியதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பற்றித்தான் பேசினார்.

“சாரல் நின்னதும் போய்ப் பாரு மக்ளே. மரம் காயும்போ பட்டி ஓரத்துல அந்த இடைவெளி ரொம்பப் பெருசாத் தெரியும். பயந்துராத. ஆணி எல்லாம் முழுசா அடிச்சதாக்கும்.”